எம்மரத்தால் ஆயது? – இசைக் கருவிகளும் எல்லைச் சோதனையும்

சீவக சிந்தாமணியின் கந்தருவதத்தையார் இலம்பகம் தமிழ் பயில்வோர் அனைவரும் நன்கறிந்த பகுதியாகும். இசைப் போட்டிக்கு வந்த சீவகனிடம் யாழ்கள் ஒன்றன்பின் ஒன்றாகக் கொடுக்கப்படுகின்றன. அவன் உடனே நரம்பில் விரல் வைத்தானில்லை. முதலில் மரத்தை நோக்குகின்றான். அதன் குற்றத்தைச் சொல்லி விலக்குகின்றான். நீரிலே நின்று ஊறியது, அழுகியது, வெந்தது, இடி வீழ்ந்தது என யாழுக்கு ஆகாத மரங்களை நம் இசை மரபு வகுத்து வைத்திருந்தது. அவ்வறிவு முழுதும் கைவரப் பெற்றவனாகச் சீவகனைத் திருத்தக்கதேவர் காட்டுகின்றார்.

சிலப்பதிகாரத்துக்கு உரை கண்ட அடியார்க்கு நல்லாரும் குழல் செய்தற்குரிய பொருள்களை எண்ணிச் சொல்கின்றார். மூங்கில், சந்தனம், வெண்கலம், செங்காலி, கருங்காலி என்பன அவை. இவற்றுள் மூங்கிலை முதல் தரமாகவும் வெண்கலத்தை இடைத் தரமாகவும் ஏனையவற்றைக் கடைத் தரமாகவும் வைத்த அவர், தம் காலத்தில் கருங்காலியையே பலரும் விரும்பினர் என்பதையும் மறையாமல் எழுதிவைத்தார். இலக்கணம் ஒன்று சொல்ல வழக்கு வேறாக நிற்பதை ஒளிக்காமல் உரைத்த அந்நேர்மை பாராட்டத்தக்கது.

‘இக்கருவி எம்மரத்தால் ஆயது?’ என்ற அப்பழைய வினா இன்று வேறோர் இடத்தில், வேறொரு நோக்கத்தோடு எழுப்பப்படுகின்றது. இடம், விமான நிலையத்துச் சுங்கச் சாவடி. கேட்பவர் இசையறிந்த புலவர் அல்லர். சட்டநூல் கையிலுள்ள அலுவலர். விடை சொல்ல வேண்டியவர், வீணையையோ மிருதங்கத்தையோ தோளில் சுமந்து கடல் கடக்கும் நம் பிள்ளைகள். குறிஞ்சிப்பாடி, வடலூர், நெய்வேலி நகரியம் ஆகிய இப்பகுதியிலிருந்து படித்துப் பணி பெற்று அயல்நாடு செல்லும் குடும்பங்கள் பல. அவற்றுள் இசை பயின்ற பிள்ளைகளும் உளர். ஆதலின் இதனை இம்மலரில் ஆராய்தல் பொருத்தமேயாகும்.

உலக உடன்படிக்கை

அருகிவரும் விலங்கு, தாவர இனங்களின் பன்னாட்டு வாணிகத்தை ஒழுங்குபடுத்தும் உடன்படிக்கை 1973 மார்ச் 3 அன்று வாஷிங்டனில் கையெழுத்தாயிற்று. 1975 ஜூலை 1 முதல் நடைமுறைக்கு வந்தது. சுருக்கமாக இதனைச் ‘சைட்டிஸ்’ என்பர். இந்தியா 1976இல் இதில் சேர்ந்தது. இவ்வுடன்படிக்கையில் மூன்று பட்டியல்கள் உள்ளன. முதற் பட்டியலில் உள்ள இனங்களின் வாணிகம் பெரும்பாலும் விலக்கப்பட்டது. இரண்டாவதில் உள்ளவை அனுமதிச் சீட்டுடன் எல்லை கடக்கலாம். மூன்றாவது, தனியொரு நாடு தன் இனத்தைக் காக்கப் பிற நாடுகளின் உதவியை வேண்டுவது. நம் நாட்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் 1972ஆம் ஆண்டினது. 2022இல் அது திருத்தப்பட்டபோது இவ்வுடன்படிக்கையின் விதிகளும் அதனுள் இடம்பெற்றன.

இங்கே பலரும் மயங்குமிடம் ஒன்றுண்டு. வாணிகம் என்றவுடன் விற்பனை என்று கொண்டு, ‘நாம் விற்கவில்லையே, வாசிக்கத்தானே கொண்டுபோகின்றோம்’ என்பர். உடன்படிக்கையின் மொழியில் எல்லை கடத்தல் யாவும் வாணிகத்துள் அடங்கும். கச்சேரிக்குச் சென்று மீள்பவனும் போகும்போது ஏற்றுமதியாளன், திரும்பும்போது இறக்குமதியாளன்.

நம் மண்ணின் பலா

குறிஞ்சிப்பாடிக்கு வடக்கே பண்ணுருட்டிச் செம்மண் நிலம் பலாவுக்குப் பேர்பெற்றது. பழத்தை அறிந்த அளவுக்கு அதன் மரத்தின் புகழை நம்மவர் அறியார். தஞ்சாவூர் வீணைக்குரிய பலா மரம் பண்ணுருட்டிப் பக்கத்திலிருந்தே தஞ்சைக்குச் செல்கின்றது. குடம், தண்டி, யாளிமுகம் ஆகிய அனைத்தும் ஒரே மரத்தில் குடையப்பட்டால் அது ஏகாண்ட வீணை. தனித்தனியே செய்து பொருத்தினால் ஒட்டு வீணை. தஞ்சாவூர் வீணைக்கு 2013இல் புவிசார் குறியீடு கிடைத்தது. மிருதங்கத்தின் கட்டையும் கஞ்சிராவின் வளையமும் பலாவே. நம் ஊர்ப் பக்கத்து வேலியோரம் நின்ற மரம் நியூயார்க்கிலும் சிங்கப்பூரிலும் இசைக்கின்றது என்றால் அது மிகையன்று.

பலாவோ சைட்டிஸ் பட்டியல் எதிலும் இல்லை. நட்டு வளர்க்கும் மரம், காட்டிலிருந்து திருடப்படுவதன்று. அதற்கு நேர்ந்த பேரிழப்பு மனிதரால் வந்ததன்று, காற்றால் வந்தது. 2011 டிசம்பர் 30 அன்று கடலூருக்கும் புதுச்சேரிக்கும் இடையே கரை கடந்த தானே புயல் இம்மாவட்டத்தின் பலாவையும் முந்திரியையும் பெருமளவில் சாய்த்துவிட்டது. வீணைக்கு வேண்டுவது முற்றிய, பருத்த அடிமரம். இன்று நட்ட கன்று அந்நிலையை எய்தப் பல்லாண்டுகள் செல்லும்.

மரம் பட்டியலில் இல்லையெனில் வீணைக்கு என்ன தடை? தடை மரத்தில் இல்லை. மரத்தின்மேல் பதித்த அழகில் உள்ளது. பழைய வீணைகளின் குடத்திலும் தண்டியிலும் யானைத் தந்தமோ மான் கொம்போ இழைத்துப் பதித்திருப்பர். பாட்டியார் வாசித்த வீணை என்று பேத்தி பெருமையோடு எடுத்துச் செல்வது பெரும்பாலும் இத்தகைய வீணையையே. ஆசிய யானை முதற் பட்டியலில் உள்ளது. இந்தியத் தந்த வாணிகம் 1986ஆம் ஆண்டுத் திருத்தத்தாலும், வெளிநாட்டிலிருந்து வந்த ஆப்பிரிக்கத் தந்தத்தின் வாணிகம் 1991ஆம் ஆண்டுத் திருத்தத்தாலும் நம் நாட்டில் தடை செய்யப்பட்டன. உரிய சான்றிதழின்றித் தந்தத்தை வைத்திருத்தலே குற்றமாகும். பிறகு கடல் கடத்தல் எங்ஙனம்? மான் கொம்பும் அச்சட்டத்தின் காப்புக்கு உட்பட்டதே. இப்போது தஞ்சைக் கைவினைஞர் பிளாஸ்டிக் தகட்டையே பதிக்கின்றனர். கண்ணுக்கு அது சற்றுக் குறைவாகத் தோன்றலாம், காதுக்குக் குறைவில்லை.

நாதசுவரமும் கஞ்சிராவும்

நாதசுவரத்தை எடுத்துக்கொள்வோம். ஆந்திரத்துக் கரவதியில் பிறந்து திருவரங்கத்தில் வாழ்ந்து, 1998இல் சங்கீத கலாநிதி விருது பெற்று, 1999இல் மறைந்த ஷேக் சின்ன மௌலானா அவர்களை நினையாமல் நாதசுவரத்தைப் பற்றிப் பேச இயலாது. முஸ்லிம் குடும்பத்தில் தோன்றிய அப்பெருமகனார் கோயில் வாசலுக்குரிய கருவி எனப்பட்டதைத் தம் உயிராகக் கொண்டார்.

அக்கருவி பிறக்குமிடம் கும்பகோணம் பக்கத்து நரசிங்கம்பேட்டை. அவ்வூர் நாதசுவரத்துக்கு 2022இல் புவிசார் குறியீடு வழங்கப்பட்டது. உலவு எனப்படும் நீண்ட குழற்பகுதி ஆச்சா மரத்தில் கடையப்படுகின்றது. அடியிலுள்ள அணசுக்கு வாகை மரம் பயன்படும். ஆச்சா புதிதாக வெட்டியதாயின் பயன்படாது. ஈரம் முற்றும் நீங்கிப் பல்லாண்டு முதிர்ந்திருத்தல் வேண்டும். ஆதலின் ஆசாரியார்கள் இடிக்கப்படும் பழைய வீடுகளின் உத்தரங்களையும் தூண்களையும் தேடி வாங்குகின்றனர். முன்னோர் வீட்டைத் தாங்கிய மரம் பின்னோர் மங்கல இசையாகின்றது. சீவகன் கண்டிருந்தால் இம்மரத்தில் குற்றம் சொல்லியிருக்க மாட்டான்.

ஆச்சாவும் சைட்டிஸ் பட்டியலில் இல்லை. எனினும் நாதசுவரத்தின் மேற்பகுதியைக் கூர்ந்து நோக்குக. மாற்றுச் சீவாளிகளோடு ஒரு சிறு ஊசியும் நூலில் கட்டித் தொங்கும். சீவாளியின் வாயைச் சரி செய்வதற்குரிய அவ்வூசி பழைய கருவிகளில் தந்தத்தாலோ கொம்பாலோ ஆனது. விரல் நீளமுள்ள அத்துண்டினால் கருவி முழுதும் தடுக்கப்படக்கூடும். வாசிப்பவர் அதனை ஒரு பொருளாகவே எண்ணியிரார்.

கஞ்சிராவின் நிலை இதனினும் கடுமையானது. புதுக்கோட்டை மாமூண்டியா பிள்ளையால் கச்சேரி மேடையில் இடம்பெற்ற அக்கருவியின் ஒரு முகத்தை மூடுவது உடும்புத் தோல். ஈரம் தடவியவுடன் தாழ்ந்து ஒலிக்கும் அதன் இயல்பே கஞ்சிராவின் அழகு. உடும்போ 1972ஆம் ஆண்டுச் சட்டத்தின் முதல் அட்டவணையில் உள்ளது. வங்க உடும்பு சைட்டிஸ் முதற் பட்டியலிலும் உள்ளது. ஆகவே உடும்புத் தோல் கஞ்சிராவை எடுத்துச் செல்பவர் வெளிநாட்டுச் சட்டத்துக்கு மட்டுமன்று, உள்நாட்டுச் சட்டத்துக்கும் அஞ்ச வேண்டியவர். ஆட்டுத் தோலும் செயற்கைத் தோலும் இன்று மாற்றாக வழங்குகின்றன. ‘அந்த நாதம் வருமா?’ என்பார்க்கு, முழுதும் வராது என்றே விடையிறுக்க வேண்டும். உடும்பு இல்லாத நாட்டில் அந்த நாதத்தை எதைக் கொண்டு எழுப்புவது என்பதையும் அவர்கள் எண்ணிப் பார்க்கட்டும். நம் பக்கீர்மார்கள் கையில் ஒலிக்கும் தாயிராவுக்கு இத்தொல்லை இல்லை. அது மரச் சட்டமும் ஆட்டுத் தோலும் கொண்டது. ஆயினும் ஆஸ்திரேலியா, நியூசிலாந்து போன்ற நாடுகளில் தோல் கட்டிய கருவி எதுவாயினும் நோய்த் தடுப்புச் சோதனைக்காக அறிவிக்கப்படல் வேண்டும்.

தோதகத்தி வந்த வழி

மரத்தின் பெயரால் உலகெங்கும் இசைஞரைக் கலங்கச் செய்தது தோதகத்திக் குடும்பம். ஈட்டி, நூக்கம் என்றும் வழங்கும் இம்மரம் மேற்கு மலைத்தொடரின் செல்வம். ஆங்கில வழக்கில் ‘ரோஸ்வுட்’ எனப்படும் இனங்கள் பல. அவற்றுள் பிரேசில் நாட்டு இனம் 1992இல் முதற் பட்டியலில் சேர்க்கப்பட்டு இன்றும் அங்கேயே உள்ளது. தமிழ்நாட்டில் தோதகத்தியைக் காக்கத் தனிச் சட்டமே 1994இல் இயற்றப்பட்டது. 2016இல் ஜோகன்னஸ்பர்க்கில் கூடிய சைட்டிஸ் மாநாடு, டால்பெர்ஜியா என்னும் அப்பேரினம் முழுவதையும் இரண்டாம் பட்டியலில் சேர்த்தது. 2017 ஜனவரி 2 முதல் அது நடைமுறையாயிற்று. அரிய மரச்சாமான்களுக்காக ஆசிய, ஆப்பிரிக்கக் காடுகள் சூறையாடப்பட்டமையே இதன் காரணம். இசைக் கருவிக்காகச் செலவாகும் மரம் அதில் சிறுபகுதியே. ஆனால் வலை விரித்தபோது சிறு மீனும் அகப்பட்டது. தபலாவின் வலக்கட்டையாகிய சீசம் மரமும், கித்தாரின் விரற்பலகையும், வீணைப் பிரடைகளாக அமைந்த தோதகத்தியும் ஒரே நாளில் பட்டியலுக்குள் வந்தன.

தனியொருவர் வாணிக நோக்கின்றி எடுத்துச் செல்லும் 10 கிலோ அளவுக்கு அப்போதே விலக்கு இருந்தது. எனினும் கருவி செய்வோரும் விற்போரும் பெரிதும் இடர்ப்பட்டனர். அவர்கள் முறையிட்டதன் பயனாக 2019இல் ஜெனீவாவில் கூடிய மாநாடு, இரண்டாம் பட்டியலிலுள்ள தோதகத்தி இனங்களால் செய்து முடிக்கப்பட்ட இசைக் கருவிகளுக்கும் அவற்றின் உறுப்புகளுக்கும் விலக்கு அளித்தது; அது 2019 நவம்பர் 26 முதல் நடப்பில் உள்ளது. முதற் பட்டியலிலுள்ள பிரேசில் இனத்துக்கு இவ்விலக்கு இல்லை. பலகையாகவோ கட்டையாகவோ செல்லும் மரத்துக்கும் இல்லை.

‘செய்து முடிக்கப்பட்டது’ என்னும் சொல்லின் கனத்தை அமெரிக்காவின் கிப்சன் கித்தார் நிறுவனம் உணர்ந்தது. அந்நாட்டு லேசிச் சட்டம் 2008இல் தாவரங்களுக்கும் விரிவாக்கப்பட்டது. பிற நாட்டுச் சட்டத்தை மீறி வெளியேறிய மரத்தை வைத்திருத்தலும் அதன்படி குற்றம். 2009இல் மடகாஸ்கர்க் கருமரத்துக்காகவும், 2011இல் இந்தியாவிலிருந்து சென்ற தோதகத்தி, கருங்காலிப் பலகைகளுக்காகவும் அந்நிறுவனத்தின் தொழிற்கூடங்கள் சோதனையிடப்பட்டன. அறுத்த பலகையை இந்தியா ஏற்றுமதி செய்ய விடாது. முடிந்த பொருளை விடும். விரற்பலகைக்கென அறுத்த துண்டு இவ்விரண்டில் எது என்பதே வழக்கின் உயிர்நிலை. 2012இல் அந்நிறுவனம் 3 இலட்சம் டாலர் தண்டம் செலுத்த உடன்பட்டு வழக்கை முடித்துக்கொண்டது.

மேலை நாட்டு இசைக்குழுவினரும் தப்பவில்லை. 2014இல் புடாபெஸ்ட் விழா இசைக்குழுவின் 7 வயலின் விற்கள், நுனியில் தந்தம் உள்ளதென்ற ஐயத்தால் நியூயார்க்கில் கைப்பற்றப்பட்டன. அதற்குச் சற்று முன்னர், 2013 டிசம்பரில், மொராக்கோவில் பிறந்த குழலிசைஞர் ஒருவரின் நாணற்குழல்கள் அதே நகரில் வேளாண் பொருள் எனக் கருதி அழிக்கப்பட்டன. தாம் அழித்தது பச்சை மூங்கிலே என்றனர் அலுவலர். தம் கையால் செய்த கருவிகள் என்றார் இசைஞர். நாணற்காட்டினின்று பிரிந்த குழலின் முறையீட்டோடு தம் மஸ்னவியைத் தொடங்கிய மௌலானா ரூமி இதனைக் கேட்டிருந்தால் என்ன சொல்லியிருப்பாரோ!

கருநாடக இசையில் இன்றியமையாததாகிவிட்ட வயலினுக்கும் இங்கே ஓர் எச்சரிக்கை உண்டு. உயர்ந்த வில் பிரேசிலின் பெர்னாம்புகோ மரத்தால் ஆனது. அது 2007 முதல் இரண்டாம் பட்டியலில் உள்ளது. நம் மாணவர் பயிலும் எளிய விற்கள் பெரும்பாலும் வேறு மரத்தால் ஆனவை.

இவ்வளவு தொல்லை எதற்கு என்று பெரியோர் சிலர் வினவலாம். மறுமை நாள் நெருங்கிவிட்ட நிலையிலும் கையிலுள்ள கன்றை நட்டுவிடுமாறு பணித்த நபிகள் நாயகம் (ஸல்) அவர்களின் வழிவந்தோர்க்கு மரத்தைக் காத்தலின் சிறப்பை நாம் விரித்துரைக்க வேண்டுவதில்லை. அவர்கள் சாய்ந்து நின்று உரை நிகழ்த்திய பேரீச்சந்தண்டு, புதிய மிம்பர் வந்தபின் பிரிவாற்றாது ஒட்டகம்போல் அழுததையும், அண்ணலார் இறங்கி வந்து அதனைத் தேற்றியதையும் ஹதீஸ் நூல்கள் கூறும். பலரும் கவனியாத செய்தி ஒன்றும் அங்குளது. அம்மிம்பர் எம்மரத்தால் ஆயது என்று பிற்காலத்தில் ஐயம் எழுந்தபோது மக்கள் நபித்தோழர் ஸஹ்ல் இப்னு ஸஅத் (ரலி) அவர்களிடம் சென்று வினவினர். ‘அல்-காபா’ எனும் இடத்துத் தர்ஃபா மரம் என்று அவர் இனமும் இடமும் குறித்து விடை தந்தார். இன்றைய சான்றிதழ் கேட்பதும் அவ்விரண்டையே.

சான்றிதழும் பெயர்க் குழப்பமும்

அடிக்கடி எல்லை கடக்கும் இசைஞர்க்கென 2013இல் பாங்காக்கில் கூடிய மாநாடு ‘இசைக் கருவிச் சான்றிதழ்’ என்னும் முறையை வகுத்தது. ஒரு கருவிக்கு ஒரு சான்றிதழ்; 3 ஆண்டுகள் வரை செல்லும். கருவியை வெளிநாட்டில் விற்றல் கூடாது. திரும்பக் கொணர்தல் வேண்டும். பட்டியலிலுள்ள பொருள் தம் கருவியில் இருப்பதாக அறிந்தோர், புறப்படுவதற்குப் பல மாதங்களுக்கு முன்பே வனவிலங்குக் குற்றக் கட்டுப்பாட்டுப் பணியகத்தின் சென்னை மண்டல அலுவலகத்தை அணுகி விளக்கம் பெறுதல் நலம். பலா வீணையும் மிருதங்கமும் கொண்டு செல்வோர்க்கு அச்சான்றிதழ் வேண்டுவதில்லை. செய்தவரிடம் மரத்தின் பெயர் எழுதிய பற்றுச்சீட்டு ஒன்றும், பதிப்பு வேலை பிளாஸ்டிக்கே என்னும் குறிப்பும் வாங்கி வைத்துக்கொண்டால் போதியது. நாதசுவரக்காரர் தந்த ஊசியைக் கழற்றி விட்டு உலோக ஊசியை மாட்டிக்கொள்வாராக.

இப்பற்றுச்சீட்டில் எழுதும் பெயரில்தான் தமிழ்த் துறையின் கடமை தொடங்குகின்றது. ‘கருங்காலி’ என்று எழுதினால் அலுவலர்க்கு என்ன விளங்கும்? நம் அகராதிகளில் அச்சொல் டயோஸ்பைரஸ் எபெனம் என்னும் கருமரத்தையும் குறிக்கும். காசுக்கட்டி தரும் அக்கேசியா மரத்தையும் குறிக்கும். ‘எபனி’ என்று ஆங்கிலத்தில் சொன்னாலும் தெளிவில்லை. மடகாஸ்கர் நாட்டுக் கருமரம் 2013 முதல் இரண்டாம் பட்டியலில் உள்ளது. இந்திய, இலங்கைக் கருமரம் அதில் இல்லை. ‘செம்மரம்’ என்பதும் அவ்வாறே. கடத்தல் செய்திகளில் அடிபடும் செஞ்சந்தனமாகிய டெரோகார்பஸ் சந்தாலினஸ் 1995 முதல் இரண்டாம் பட்டியலில் உள்ளது. ஜப்பானியரின் ஷாமிசென் யாழுக்குக் கழுத்தாக அமைவதும் அதுவே. தமிழில் வேறு மரங்களுக்கும் செம்மரம் என்ற பெயர் வழங்குகின்றது. அதன் உடன்பிறப்பான வேங்கையோ பட்டியலில் இல்லை. அடியார்க்கு நல்லார் சொன்ன செங்காலி எது என்பதையே நாம் இன்னும் வகுப்பறையில் உறுதியாகச் சொல்வதில்லை.

எனவே தமிழ்த் துறையும் தாவரவியல் துறையும் கூடி, இசைக் கருவி மரங்களுக்கெனச் சிறு சொற்பட்டி ஒன்றைத் தொகுத்தல் வேண்டும் என முன்மொழிகின்றோம். இலக்கியப் பெயர், வட்டார வழக்கு, ஆசாரியார் வழங்கும் தொழிற்பெயர், தாவரவியற் பெயர், எக்கருவிக்கு எவ்வுறுப்பு, பட்டியலில் உண்டா இல்லையா என்பன அதில் இடம்பெறலாம். பலாவுக்கு ஆர்ட்டோகார்பஸ் ஹெட்டெரோபில்லஸ், ஆச்சாவுக்கு ஹார்ட்விக்கியா பைனேட்டா என்று எழுதுதல் எளிது. பண்ணுருட்டி மர வாடிகளிலும் நரசிங்கம்பேட்டைப் பட்டறைகளிலும் நேரிற் சென்று கேட்டு எழுத வேண்டியவை மற்றவை. விடுமுறையில் மாணவர் இதனைச் செய்ய இயலும்.

ஆச்சாவைப் பொறுத்தவரை சொற்பட்டி மட்டும் போதாது. பழைய வீட்டு உத்தரத்துக்கு வனத்துறைச் சீட்டு இராது. விற்ற கடைக்காரரும் எழுதித் தர மாட்டார். ஆகவே ஆசாரியாரே ஒரு குறிப்பேடு வைத்துக்கொள்ளுமாறு வேண்டலாம். எந்த ஊரில் எத்தெருவிலிருந்த வீடு, எந்த ஆண்டில் இடிக்கப்பட்டது, உத்தரமா தூணா, வாங்கிய நாள், அதிலிருந்து கடைந்த கருவிகள் எத்தனை, எவரெவர் வாங்கிச் சென்றனர் என்பவற்றை அதில் எழுதி, கருவியோடு ஒரு படியும் கையொப்பமிட்டுக் கொடுக்கலாம்.